காகிதம் இல்லாத உதிரிப் பாகம்: ஓய்வுபெற்ற ஸ்கைவேன் பற்றிய ஒரு கேள்வியும் அதன் தொடர்ச்சியும்

பொங்கோல் வாசகர், 6 மே 2024, இரவு 9.12

பாராசூட் குதிப்புக் கழகம் நடத்தும் வெளிநாட்டு நண்பர்கள் சிலர், ஓர் ஆகாயப்படை ஓய்வு கொடுத்த ஷார்ட் ஸ்கைவேன் சரக்கு விமானத்தை வாங்கியிருக்கிறார்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க், சக்கர பேரிங்குகள், பின்கதவுக் கீல்கள், ஹைட்ராலிக் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல்கள் ஆகியவற்றைத் தேடித் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சிங்கப்பூரின் சுங்கை காடுட்டில் கிடங்கு ஒன்றைக் காலி செய்பவரிடம் இரண்டு மரப்பெட்டிகள் இருக்கின்றன. "இராணுவக் கையிருப்பு, பயன்படுத்தப்படாதது" என்கிறார். சான்றிதழோடு விற்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்குதான் கேட்கிறார். ஆனால் காகிதம் எதுவும் இல்லை. உலோகம் ஒன்றுதானே? அனுபவமுள்ள பொறியாளர் கையில் எடுத்துப் பார்த்தால் தரம் தெரிந்துவிடாதா?

சிலேத்தார் ஸ்டோர்க்காரர், 6 மே 2024, இரவு 11.35

முன்பணம் கொடுக்காதீர்கள். விரிவாக நாளை எழுதுகிறேன். அதற்குள் பெட்டியில் உள்ள ஒவ்வொரு பொட்டலத்தின் மேல் எழுத்துகளையும் படம் எடுத்து வையுங்கள்; எதையும் பிரிக்க வேண்டாம், உறையைக் கிழிக்கவும் வேண்டாம்.

சிலேத்தார் ஸ்டோர்க்காரர், 7 மே 2024, இரவு 8.50

விமான உதிரிப் பாகங்களை வாங்கிச் சரிபார்த்து ஸ்டோரில் ஏற்றும் பிரிவில்தான் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. அதனால் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்வதைக் கடமையாகவே நினைக்கிறேன்.

கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும் என்பது உண்மையன்று. முன்சக்கர ஃபோர்க்கையே எடுத்துக்கொள்வோம். இத்தகைய பாகங்கள் பலவும் அதிக வலிமை கொண்ட எஃகில் அடிக்கப்பட்டு, துருப்பிடிக்காமலிருக்கக் காட்மியம் பூசப்படுகின்றன. பூசும்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிடும்; அதை வெளியேற்ற, பூசிய சில மணி நேரத்துக்குள் பாகத்தைச் சுமார் 190 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், எஃகின் வலிமையைப் பொறுத்து ஏறக்குறைய ஒரு நாள் வரை சூளையில் வைக்க வேண்டும். வைக்காமல் விட்ட பாகமும் வைத்த பாகமும் பார்வைக்கு ஒரே பொன்மஞ்சள் நிறத்தில், ஒரே எடையில், ஒரே பளபளப்போடு இருக்கும். வைக்காதது, சுமை ஏறிய பிறகு ஒருநாள், முன்னறிவிப்பு எதுவுமின்றி உடையும். சூளையில் வைத்ததற்குச் சாட்சி அந்தக் காகிதம் மட்டுமே.

1989 செப்டம்பர் 8 அன்று, ஓஸ்லோவிலிருந்து ஹாம்பர்க் சென்ற பார்ட்நேர் நிறுவனத்தின் கான்வேர் 580 விமானம் டென்மார்க் கரைக்கு அப்பால் கடலில் விழுந்து 55 பேரும் இறந்தார்கள். நிமிர்வாலைப் பிடித்து நிறுத்தும் போல்ட்டுகளில் சில, குறிக்கப்பட்ட வலிமை இல்லாத போலிகள் என்று விசாரணை கண்டறிந்தது. அவை தேய்ந்து தளர்ந்ததால் வால் அதிரத் தொடங்கி விமானம் சிதறியது. அந்தப் போல்ட்டுகளைப் பூட்டியவரும் அனுபவமுள்ளவராகத்தான் இருந்திருப்பார்.

சிலேத்தார் ஸ்டோர்க்காரர், 8 மே 2024, மதியம் 1.05

பொங்கோல் வாசகர் தனிச்செய்தியில், "காகிதத்தையும் போலியாகத் தயாரிக்கலாமே" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. 2023-ஆம் ஆண்டில் ஏஓஜி டெக்னிக்ஸ் என்ற லண்டன் நிறுவனம் விற்ற ஜெட் எஞ்சின் பாகங்களுக்குப் பொய்ச் சான்றிதழ்கள் இருந்தது தெரியவந்து, பல நாடுகளின் விமான நிறுவனங்கள் எஞ்சின்களைக் கழற்றிச் சோதிக்க நேர்ந்தது.

என் மேசைக்கும் அப்படி ஒன்று வந்தது. ஒரு முகவர் அனுப்பிய இரண்டு பம்புகளுக்கும் தனித்தனிச் சான்றிதழ் இருந்தது. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது, கையெழுத்தின் கடைசிச் சுழிப்பு முதற்கொண்டு இரண்டும் இம்மி பிசகாமல் பொருந்தின. வரிசை எண் மட்டும் வேறு எழுத்துருவில் இருந்தது. உயிருள்ள மனிதர் எவரும் ஒரே கையெழுத்தை அப்படி இருமுறை போட முடியாது. சான்றிதழில் குறிப்பிட்டிருந்த பட்டறைக்குத் தொலைபேசியில் அழைத்தோம். இரண்டாவது பம்பை அவர்கள் பார்த்ததே இல்லை.

ஆகையால் காகிதத்தை வாங்கினால் போதாது, அதைக் கொடுத்தவரை அழைத்துக் கேட்கவும் வேண்டும். அமெரிக்காவின் எஃப்.ஏ.ஏ. 8130-3, ஐரோப்பாவின் ஈ.ஏ.எஸ்.ஏ. படிவம் 1, நம் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் ஏ.டபிள்யூ 95 ஆகியவற்றில், பாகத்தைப் பயன்பாட்டுக்கு விடுவித்த பட்டறையின் அங்கீகார எண் இருக்கும். உங்கள் நண்பர்களின் நாட்டு ஆணையம் இவற்றில் எதை ஏற்கிறது என்பதை முதலில் எழுத்து மூலம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

சிலேத்தார் ஸ்டோர்க்காரர், 10 மே 2024, இரவு 10.20

"நம் ஆகாயப்படையே ஸ்கைவேன் வைத்திருந்ததே, அதன் மிச்சம் இங்கே எங்காவது இருக்காதா?" என்று ஜூரோங்கிலிருந்து ஒருவர் கேட்கிறார். 121-ஆவது படைப்பிரிவு 1973 முதல் ஆறு ஸ்கைவேன்களைச் சரக்கு ஏற்றவும் கடலில் தேடி மீட்கவும் பயன்படுத்தியது. 1990-களில் ஃபோக்கர் 50 அந்த இடத்துக்கு வந்தது. பொதுவாக ஒரு படை விமானத்தை விற்கும்போது, வாங்குபவர் உதிரிகளையும் சேர்த்தே கேட்பார். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு உள்ளூர்க் கிடங்கில் கிடைப்பது பெரும்பாலும் அன்றைக்கே யாரும் எடுத்துக்கொள்ளாமல் விட்டதாகத்தான் இருக்கும். அது ஏன் விடப்பட்டது என்ற கேள்வியோடுதான் அந்தப் பெட்டியை அணுக வேண்டும்.

எங்கே தேடலாம் என்பதைச் சொல்கிறேன். ஸ்கைவேனின் எஞ்சினைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அது காரெட் டிபிஇ331 குடும்பத்தைச் சேர்ந்தது. இன்று ஹனிவெல் பெயரில் இருக்கிறது. டோர்னியர் 228 விமானத்திலும் எம்க்யூ-9 ஆளில்லா விமானத்திலும் அதே குடும்பத்து எஞ்சின்கள்தான் ஓடுகின்றன. இந்தியாவில் எச்.ஏ.எல். நிறுவனம் உரிமம் பெற்று டோர்னியரையும் அதன் எஞ்சினையும் செய்கிறது. குடும்பம் ஒன்றானாலும் எல்லாப் பாகமும் எல்லா வகைக்கும் பொருந்தாது. எஞ்சின் பெயர்த்தகட்டில் சிறு கோட்டுக்குப் பின் எழுதியிருக்கும் வகை எண்ணைப் பார்க்காமல் எதையும் வாங்கக் கூடாது. புரொப்பெல்லர் ஹார்ட்செல் செய்தது. அதற்கும் பட்டறைகள் இருக்கின்றன.

தட்டுப்பாடு வருவது உடற்பகுதியில்தான். ஸ்கைவேன் மொத்தம் 150 அளவில்தான் செய்யப்பட்டது, 1980-களிலேயே உற்பத்தியும் நின்றுவிட்டது. ஆனால் ஷார்ட் நிறுவனம் ஸ்கைவேனிலிருந்துதான் 330 என்ற பயணிகள் விமானத்தையும், அதன் இராணுவ வடிவமான சி-23 ஷெர்பாவையும் உருவாக்கியது. வெளி இறக்கைப் பகுதி போன்றவற்றில் உறவு உண்டு. பாக எண் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் சில கீல்களும் பொருத்துகளும் அந்தப் பக்கத்திலிருந்து கிடைக்கக்கூடும். பாக எண் பொருந்தாமல் உருவம் மட்டும் பொருந்துவதை நம்ப வேண்டாம்.

சிலேத்தார் ஸ்டோர்க்காரர், 11 மே 2024, காலை 7.40

படங்கள் வந்தன. தெளிவாக எடுத்திருக்கிறீர்கள், நன்றி. சீல் பொட்டலங்களிலிருந்து தொடங்குகிறேன்.

மூன்றாவது படத்தில் உள்ள பழுப்பு உறையில் 13 இலக்க எண் இருக்கிறது. நேட்டோ நாடுகளும் அவற்றோடு சேர்ந்து இயங்கும் நாடுகளும் பயன்படுத்தும் கையிருப்பு எண் அது. முதல் நான்கு இலக்கம் பொருளின் வகை: 1620 என்றால் இறங்கு சக்கரத் தொகுதி, 3110 என்றால் பேரிங், 5331 என்றால் ஓ-ரிங் எனும் வட்ட ரப்பர் சீல். அடுத்த இரண்டு இலக்கம் எண்ணைக் கொடுத்த நாடு: 99 பிரிட்டன், 00 அல்லது 01 அமெரிக்கா, 32 சிங்கப்பூர். உங்கள் உறையில் 99 இருப்பதால் அது பிரிட்டிஷ் வழியில் வந்த பொருள் என்பது பொருந்துகிறது. எண் பொருந்துவதால் உள்ளே இருப்பதும் அதுதான் என்று ஆகிவிடாது.

அதே உறையின் கீழ்மூலையில் 2Q87 என்பதைப் போல மங்கலாக ஒன்று தெரிகிறது அல்லவா, அதுதான் ரப்பர் பதப்படுத்தப்பட்ட காலம்: 1987-இன் இரண்டாம் காலாண்டு. ஹைட்ராலிக் எண்ணெய்க்குச் செய்யும் நைட்ரைல் ரப்பருக்கு, உறை பிரியாமல் நல்ல இடத்தில் வைத்திருந்தால் பொதுவாக 15 ஆண்டு ஆயுள் கொடுப்பார்கள். இங்கே 37 ஆண்டுகள் ஆகிவிட்டன. அதுவும் சுங்கை காடுட் தகரக்கூரைக் கிடங்கில். அந்த உறைகளில் உள்ள எல்லாவற்றையும் குப்பையாகவே கணக்கிடுங்கள்.

இன்னொன்று. பழைய இராணுவ விமானங்களில் பெரும்பாலும் சிவப்பு நிறக் கனிம எண்ணெய்தான் ஓடும். பெரிய பயணிகள் விமானங்களில் ஊதா நிற ஸ்கைட்ரால். ஒன்றுக்கான சீலை மற்றொன்றில் போட்டால் ரப்பர் ஊதி, மென்மையாகி, சிதைந்துவிடும். கறுப்பு ஓ-ரிங் இரண்டையும் மேசையில் வைத்தால் வித்தியாசம் கண்டுபிடிக்கவே முடியாது. புதிய சீல்கள் விலை குறைவானவை. பழையதைத் தேடி அலைவதில் பொருளில்லை.

சிலேத்தார் ஸ்டோர்க்காரர், 11 மே 2024, இரவு 9.30

பேரிங்குகள். ஏழாவது படத்தில் மெழுகுத்தாளின் ஒரு முனை விலகியிருக்கிறது. பெரிதாக்கிப் பாருங்கள்: உருளைகளின் மேல் குண்டூசித் தலையளவு பழுப்புப் புள்ளிகள், ஓர் இடத்தில் விரல் ரேகையின் வடிவத்திலேயே துரு. யாரோ வெறுங்கையால் தொட்டுவிட்டு மீண்டும் சுற்றி வைத்திருக்கிறார்கள். வியர்வையின் உப்பு கிரீசுக்கு அடியில் பல ஆண்டுகளாகத் தன் வேலையைச் செய்திருக்கிறது. நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு அதுவே போதும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நீலத்திலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறியிருப்பதும் ஓரத்தில் தெரிகிறது. அந்த உறை எப்போதோ காற்றை உள்ளே விட்டுவிட்டது. துருவைத் தேய்த்தெடுத்தாலும் குழி மிஞ்சும். அந்தக் குழியிலிருந்துதான் பிறகு உலோகம் செதிளாகப் பெயரும்.

சக்கர பேரிங்குகள் பல விமானங்களுக்குப் பொதுவானவை, உற்பத்தியாளர் எண்ணை வைத்துப் புதியதாகவே வாங்க முடியும். இவற்றையும் விட்டுவிடுங்கள்.

சிலேத்தார் ஸ்டோர்க்காரர், 14 மே 2024, இரவு 8.15

இழையில் ஒருவர், "ஸ்கைவேனை விடுங்கள், ஹெர்குலிஸ் வாங்கியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை, உலகெங்கும் பாகம் கொட்டிக்கிடக்கிறது" என்று எழுதியிருக்கிறார். சி-130 ஹெர்குலிஸ் 1954-இல் முதலில் பறந்து, புதிய வடிவில் இன்றும் உற்பத்தியில் இருப்பது உண்மை. அரிசோனாவின் டூசான் அருகே டேவிஸ்-மான்தன் தளத்தில் அமெரிக்கா ஓய்வு விமானங்களை நிறுத்தி வைத்து, அவற்றில் சிலவற்றைப் பாகம் கழற்றுவதற்கென்றே ஒதுக்குவதும் உண்மை. ஆனால் கிடைக்கிறது என்பதும் வாங்கலாம் என்பதும் வேறு வேறு.

அமெரிக்க இராணுவப் பாகத்தை வாங்கியவர் அதை மூன்றாவது நாட்டுக்கு மாற்றப் பல நேரங்களில் அமெரிக்க அரசின் அனுமதி வேண்டும். எஃப்-14 போர்விமானங்களை 2006-இல் ஓய்வு கொடுத்த பிறகு, பாகங்கள் ஈரானுக்குப் போய்விடக் கூடாது என்று அவற்றை அரைத்தே போட்டார்கள். சிங்கப்பூரிலும் முக்கியப் பொருள்கள் கட்டுப்பாட்டுச் சட்டம் 2003 தொடக்கத்திலிருந்து நடப்பில் இருக்கிறது. பட்டியலில் உள்ள பொருளை ஏற்றுமதி செய்யவோ, இங்கே இறக்கி மறு கப்பலில் ஏற்றவோ, இடைத்தரகராக இருந்து பேரம் முடிக்கவோகூடச் சுங்கத்துறையின் அனுமதி வேண்டும். பொங்கோல் வாசகரே, நீங்கள் பெட்டியை வாங்கி நண்பர்களுக்கு அனுப்பினால் ஏற்றுமதியாளர் நீங்கள்தான். இராணுவக் கையிருப்பு என்று விற்பவரே சொல்கிறார். எனவே சுங்கத்துறையிடம் கேட்காமல் ஓர் ஆணியைக்கூட அனுப்ப வேண்டாம்.

தீயணைப்புக் குப்பியின் தலைப்பகுதி ஏதாவது பெட்டியில் இருந்தால் தொடாதீர்கள். அதில் வெடிமருந்துத் தோட்டா இருக்கலாம். பச்சை ஒளிர் வண்ணம் பூசிய பழைய மீட்டர்கள் இருந்தாலும் அப்படியே விடுங்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தையும் அதையடுத்த ஆண்டுகளையும் சேர்ந்த மீட்டர்களில் ரேடியம் இருக்கும். ஒளிர்வது நின்றுபோன பிறகும் கதிர்வீச்சு நிற்பதில்லை, அதன் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள்.

சிலேத்தார் ஸ்டோர்க்காரர், 15 மே 2024, காலை 6.55

ஹெர்குலிஸ் பற்றி நேற்று எழுதியது இரவு முழுவதும் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஓய்வு விமானத்துக்கு இரண்டாம் வாழ்க்கை கொடுப்பவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய இரண்டு செய்திகள் விடுபட்டுவிட்டன.

2002 ஜூனில், கலிபோர்னியாவில் காட்டுத்தீயை அணைக்கச் சென்ற பழைய சி-130ஏ ஒன்றின் இரு இறக்கைகளும் பறக்கும்போதே ஒடிந்தன. உள்ளே இருந்த மூவரும் இறந்தார்கள். இறக்கை சேரும் இடத்தில் உலோகச் சோர்வால், அதாவது சுமை மீண்டும் மீண்டும் ஏறி இறங்கியதால், வந்த விரிசல்தான் காரணம். சரக்கு ஏற்றப் பிறந்த விமானம் மலைச்சரிவுகளில் தாழப் பறந்து, தீத்தடுப்புத் திரவத்தைக் கொட்டிவிட்டு மேலெழும்போது சந்திக்கும் சுமை முற்றிலும் வேறு. ஆகவே பறந்த மணிக்கணக்கு மட்டும் போதாது, என்ன வேலை செய்து பறந்தது என்ற பதிவும் வேண்டும். உங்கள் நண்பர்களின் ஸ்கைவேனும் ஒரு நாளில் பலமுறை ஏறி இறங்கப் போகிறது. எஞ்சினின் சுழல்தகடுகளுக்கு அந்த ஏற்ற இறக்கச் சுற்றுகளைக் கணக்கிட்டே ஆயுள் வரையறுக்கிறார்கள்.

இரண்டாவது, 2017 ஜூலையில் மிசிசிப்பியில் விழுந்த கேசி-130டி. 16 பேர் இறந்தார்கள். புரொப்பெல்லர் இதழ் ஒன்றில் இருந்த அரிப்பு, 2011-இல் இராணுவப் பராமரிப்புக் கூடத்தில் பழுதுபார்த்தபோது நீக்கப்படாமலே விடப்பட்டது என்று விசாரணையில் தெரிந்தது. அந்த இதழ் முறையான ஆவணங்களோடுதான் பூட்டப்பட்டது. இதை மறைத்துவிட்டு நான் காகிதத்தின் பெருமையை மட்டும் பேசினால் அது நேர்மையாகாது. காகிதம் இருந்தால் எங்கே பிழை நடந்தது என்று பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிக்க முடிகிறது, அதே கூடத்தில் அதே காலத்தில் பழுதுபார்த்த மற்ற இதழ்களைத் தேடிப்பிடித்து நிறுத்த முடிகிறது. காகிதம் இல்லாத இடத்தில் அதற்கும் வழியில்லை.

சிலேத்தார் ஸ்டோர்க்காரர், 18 மே 2024, மாலை 5.30

"விமானமே மலிவாகக் கிடைக்கும்போது இரண்டாக வாங்கி ஒன்றைக் கழற்றிக்கொள்ளலாமே" என்று கேட்டவருக்கு: பலரும் அப்படித்தான் செய்கிறார்கள், தவறில்லை. ஆஸ்திரேலிய ஆகாயப்படை 2009-இல் காரிபூ சரக்கு விமானங்களுக்கு ஓய்வு கொடுத்தபோது, சிட்னிக்குத் தெற்கே உள்ள பழைய விமானங்களைப் பேணும் சங்கம் ஒன்று இரண்டு காரிபூக்களை எடுத்துக்கொண்டு ஒன்றைப் பறக்கும் நிலையில் வைத்தது. ஓய்வு கொடுக்கும் நேரத்திலேயே, பதிவேடுகளும் சிறப்புக் கருவிகளும் தெரிந்த கைகளும் சிதறுவதற்குள் எடுத்தால்தான் இது எளிது.

அந்த நேரத்தைத் தவறவிட்டு, உதிரிப் பாகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜி222 என்ற இத்தாலியச் சரக்கு விமானமே எடுத்துக்காட்டு. இத்தாலி ஓய்வு கொடுத்த 20 விமானங்களை அமெரிக்கா புதுப்பித்து ஆப்கானிஸ்தான் ஆகாயப்படைக்குக் கொடுத்தது. திட்டத்துக்கு ஆன செலவு 54.9 கோடி டாலர். பாகங்கள் கிடைக்காமல் விமானங்கள் தரையிலேயே நின்றன. 2014-இல் காபூலில் 16 விமானங்களை வெட்டிப் பழைய இரும்பு விலைக்குப் போட்டார்கள். வீடு வீடாக வந்து பழைய பொருள் வாங்கும் காராங்குனிக்காரரிடம் கிலோக் கணக்கில் எடை போட்டு விற்ற சரக்கின் கதிதான் அவற்றுக்கும். அதைப் படித்த நாளில் எனக்கு ஏற்பட்ட வேதனை இன்னும் ஆறவில்லை. ஒவ்வொரு விமானத்துக்கும் பின்னால் எத்தனை பேர் உழைப்பு இருந்திருக்கும்!

சிலேத்தார் ஸ்டோர்க்காரர், 19 மே 2024, இரவு 9.05

"காகிதம் என்பது அதிகாரிகளின் பொழுதுபோக்கு" என்று இழையில் ஒருவர் எழுதிய வரிக்கு மட்டும் பதில் எழுதாமல் விட மனமில்லை. அர்ஜென்டினாவில் இராணுவ ஆட்சி நடந்தபோது, கைதிகளை ஸ்கைவேனில் ஏற்றிக் கடலில் தள்ளினார்கள். அதே விமானங்களில் ஒன்று பிறகு அமெரிக்காவில் தனியார் கைகளுக்குப் போனது. அதன் பறப்புப் பதிவேடு பல ஆண்டுகளுக்குப் பிறகும் விமானத்தோடு கூடவே இருந்ததால், 1977 டிசம்பர் 14 இரவு அதை ஓட்டியவர்கள் யாரென்று நீதிமன்றத்தில் நிறுவ முடிந்தது. விமானமும் 2023-இல் அர்ஜென்டினாவுக்குத் திரும்பக் கொண்டுவரப்பட்டது. விமானத்தோடு பதிவேட்டையும் கைமாற்றிக் கொடுக்கும் பழக்கம் இருந்ததால்தான் இது நடந்தது.

சிலேத்தார் ஸ்டோர்க்காரர், 23 மே 2024, இரவு 10.10

பொங்கோல் வாசகரோடு சேர்ந்து நேற்று அந்தக் கிடங்குக்குச் சென்று பெட்டிகளைப் பார்த்தேன். விற்பவர் நல்ல மனிதர். தம் தந்தையார் விட்டுச்சென்ற சரக்கு, எங்கே வாங்கியது என்று தமக்கே தெரியாது என்றார். முதலில் எதையும் வாங்க வேண்டாம் என்றே எண்ணியிருந்தேன். நேரில் பார்த்த பிறகு கொஞ்சம் பிரித்துச் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

சீல்களும் பேரிங்குகளும் வேண்டாம். கீல்கள் நான்கில் பாக எண்ணும் ஆய்வாளர் முத்திரையும் தெளிவாக இருக்கின்றன. அவற்றை வடிவமைப்பு உரிமை பெற்ற நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கலாம், அங்கீகாரம் பெற்ற பட்டறை ஒன்று அளந்து, சாயம் ஊறவைத்து விரிசல் சோதனை செய்து, தன் பொறுப்பில் சான்றிதழ் கொடுக்க முன்வந்தால் பயன்படும். அதற்கான செலவையும் சேர்த்தால் ஐந்தில் ஒரு பங்கு விலை என்ற கணக்கு நிற்காது.

முன்சக்கர ஃபோர்க் பயன்படுத்தப்படாதது அன்று. அச்சு நுழையும் துளையின் உட்புறத்தில் ஒரு பக்கம் மட்டும் காட்மியம் தேய்ந்து எஃகு தெரிகிறது. விரல் நுனியை உள்ளே விட்டால் விளிம்பில் சிறு படி தட்டுப்படுகிறது. அதன் கழுத்தில் சிவப்புச் சீட்டுக் கட்டியிருந்த கம்பி மிச்சம் இருக்கிறது, சீட்டு இல்லை. கழித்துக்கட்டிய பாகத்துக்குத்தான் சிவப்புச் சீட்டுக் கட்டுவார்கள். துணுக்காக ஒட்டியிருந்த சிவப்பு அட்டையை விற்பவரிடம் காட்டினேன். அவர் உடனே அதை விற்பனையிலிருந்து எடுத்துவிடச் சம்மதித்தார். பயிற்சி மாணவர்கள் பார்ப்பதற்கு யாராவது கேட்டால், துளையின் குறுக்கே அறுத்துவிட்டுக் கொடுக்கும்படி சொல்லியிருக்கிறேன். அறுக்காமல் கொடுத்தால் அது இன்னொரு பெட்டியில், இன்னொரு ஊரில், பயன்படுத்தப்படாதது என்ற பெயரோடு மறுபடியும் விலைக்கு வரும்.

நண்பர்களின் பட்டியலில் இனி மீதமிருப்பது ஃபோர்க் மட்டுமே. ஸ்கைவேன் பறக்கும் மற்ற குதிப்புக் கழகங்களின் பராமரிப்புப் பட்டறைகளுக்கு எழுதச் சொல்லியிருக்கிறேன். வரிசை எண், எந்த விமானத்திலிருந்து கழற்றியது, எத்தனை முறை தரையிறங்கியது, கடைசியாக எப்போது விரிசல் சோதனை நடந்தது என்ற நான்கையும் எழுதிக் கொடுப்பவரிடம் மட்டும் விலை பேசுங்கள்.